டச்சு துணைவினைகள்: நெதர்லாந்துக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டச்சு வகுப்பில் முதல் சில வாரங்கள் சுலபமாகப் போய்விடும். பெயர் சொல்வது, ஊர் சொல்வது, மணி கேட்பது எல்லாம் வந்துவிடும். அப்புறம் 'முடியும்', 'வேண்டும்', 'கூடாது' என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போது பலருக்கு நாக்கு நின்றுவிடுகிறது. பாடநூல்கள் இதை ஆங்கிலம் வழியாக விளக்குகின்றன. நாம் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து டச்சுக்குப் போகிறோம். வழியில் இரண்டு இடத்தில் பொருள் நழுவுகிறது. நானும் அப்படித்தான் நெடுநாள் அல்லாடினேன். தமிழிலிருந்து நேராக டச்சுக்குப் போனால் பாதிச் சிக்கல் இல்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அந்த நேர்வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. டச்சு சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். 'ஃக்' என்று வரும் இடத்தில் தொண்டையைக் காறுவது போன்ற ஒலி. 'மூட்டன்', 'வில்லன்' மாதிரிச் சொற்களின் முடிவில் வரும் 'ன்' பேச்சில் பெரும்பாலும் கேட்காது; 'கன்' மாதிரிக் குறுஞ்சொற்களில் கேட்கும். 'மூட்டன்' என்பதை 'மூட்டெ' என்றுதான் பலர் சொல்வார்கள். சரியான உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

1. ஆறு வினைகளை முதலில் வாய்க்குக் கொண்டுவாருங்கள்

'குன்னன்' – முடிதல், இயலுதல், தெரிதல்.
'மோஃகன்' – அனுமதி இருத்தல்.
'மூட்டன்' – கட்டாயம்.
'வில்லன்' – விருப்பம்.
'ஸுல்லன்' – வாக்குக் கொடுத்தல், யோசனை சொல்லுதல்.
'ஹூவன்' – தேவையில்லை என்று சொல்வதற்கு மட்டும்.

கடைசியில் இருப்பதை நிறைய வகுப்புகளில் தாமதமாகத்தான் சொல்லித்தருவார்கள். தமிழர்களுக்கு அது முதல் நாளே வேண்டும். ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

ஒருமையில் இவை மாறும் விதம் மற்ற வினைகளைப் போல் இருக்காது. நான் என்றால் 'இக் கன்', 'இக் மஃக்', 'இக் மூட்', 'இக் வில்', 'இக் ஸல்'. அவன் என்றாலும் அதே வடிவம்தான்: 'ஹெய் கன்', 'ஹெய் மஃக்', 'ஹெய் மூட்', 'ஹெய் வில்', 'ஹெய் ஸல்'. மற்ற வினைகளில் அவன், அவளுக்கு 'ட்' சேர்த்துப் பழகியவர்கள் இங்கேயும் சேர்த்து 'ஹெய் வில்ட்' என்று எழுதுவார்கள். தேர்வில் அது பிழை. 'ஹூவன்' மட்டும் ஒழுங்கான வினை மாதிரி போகும்: 'இக் ஹூஃப்', 'ஹெய் ஹூஃப்ட்'.

நீ என்பதற்கு 'யெ குன்ட்', 'யெ கன்' இரண்டும் செல்லும். 'யெ வில்ட்', 'யெ வில்' என்பதும் அப்படியே. கேள்வியாகத் திருப்பினால் 'ட்' விழுந்துவிடும்: 'குன் யெ', 'வில் யெ'. மரியாதையாக நீங்கள் என்றால் 'யூ குன்ட்', 'யூ வில்ட்', 'யூ மஃக்', 'யூ மூட்'. பன்மையில் கவலையே இல்லை, அகராதியில் உள்ள வடிவம் அப்படியே நிற்கும்.

2. உங்கள் 'வேண்டும்' எந்த வேண்டும் என்று பிரியுங்கள்

தமிழில் ஒரே 'வேண்டும்' எத்தனையோ வேலை செய்கிறது. காப்பி வேண்டும், போக வேண்டும், உதவி வேண்டும். டச்சில் மூன்றுக்கும் மூன்று வழி. வாயைத் திறக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது என் ஆசையா, என் கடமையா, என் தேவையா?

ஆசை என்றால் 'வில்லன்'. 'இக் வில் நெடர்லன்ட்ஸ் லேரன்' – நான் டச்சு கற்க விரும்புகிறேன்.

கடமை என்றால் 'மூட்டன்'. 'இக் மூட் மோர்ஃகன் வெர்க்கன்' – நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டும்.

ஒரு பொருளோ உதவியோ தேவை என்றால் துணைவினையே வேண்டாம். 'நோடிஃக் ஹெபன்' என்ற தொடர். 'இக் ஹெப் ஹுல்ப் நோடிஃக்' – எனக்கு உதவி வேண்டும். 'இக் வில் ஹுல்ப்' என்றாலும் புரியும். ஆனால் அடம் பிடிக்கிற தொனி வந்துவிடும்.

இங்கே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பொறி 'எனக்கு'. தமிழில் வேண்டும், முடியும், தெரியும், பிடிக்கும் எல்லாவற்றுக்கும் 'எனக்கு' அல்லது 'என்னால்' வரும். டச்சில் இந்த ஆறு வினைகளுக்கும் எழுவாய் எப்போதும் 'இக்' தான். 'மெய்' (எனக்கு, என்னை) என்று தொடங்கத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

'தெரியும்' என்பதிலும் கவனம் வேண்டும். எனக்கு நீச்சல் தெரியும் என்பதை 'இக் வேட்' என்று தொடங்குகிறவர்கள் அதிகம். 'வேட்டன்' என்பது தகவல் தெரிந்திருப்பது. நீச்சல், சமையல், கார் ஓட்டுவது மாதிரி கையில் இருக்கும் திறமைக்கு 'குன்னன்': 'இக் கன் ஸ்வெம்மன்'. வேலைக்கான நேர்காணலில் இது நிறைய வரும். உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டால் பதில் முழுவதும் 'இக் கன்' என்றுதான் போக வேண்டும்.

3. 'வேண்டாம்' சொல்லும் இடத்தில் நிதானியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

'நாளைக்கு நீங்கள் வர வேண்டாம்' என்று தமிழில் சொன்னால் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். வரத் தேவையில்லை, சிரமப்படாதீர்கள் என்பது ஒன்று. வராதீர்கள் என்பது இன்னொன்று. குரலை வைத்து நாம் புரிந்துகொள்வோம். டச்சில் இவை வெவ்வேறு வாக்கியங்கள்.

வரத் தேவையில்லை: 'யெ ஹூஃப்ட் நீட் டெ கோமன்'.
வராதே, வந்தால் நல்லதில்லை: 'யெ மூட் நீட் கோமன்'.
வரக்கூடாது, அனுமதி இல்லை: 'யெ மஃக் நீட் கோமன்'.

'வேண்டும்' என்பதற்கு 'மூட்' என்று படித்தவர் 'வேண்டாம்' என்பதற்கு 'மூட் நீட்' என்று தானாகவே போட்டுவிடுவார். எனக்குத் தெரிந்த ஒருவர், பிரசவம் முடிந்த வீட்டுக்கு உதவ வருகிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டம்மாவிடம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்ற நல்லெண்ணத்தில் 'யூ மூட் நீட் கோமன்' என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் சுருங்கிப் போய்விட்டார். இவர் சொல்ல நினைத்தது 'யூ ஹூஃப்ட் நீட் டெ கோமன், ஹோர்'. கடைசியில் வரும் அந்த 'ஹோர்' நம் ஊரில் 'பரவாயில்லைங்க' என்று இழுக்கும் வேலையைச் செய்யும்.

பெல்ஜியத்தில் டச்சு பேசுகிறவர்கள் 'மூட் நீட்' என்பதை 'தேவையில்லை' என்ற பொருளிலும் சொல்வார்கள். ஆண்ட்வெர்ப்பில் உறவினர் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்பாதீர்கள். நெதர்லாந்தில் தேர்வு எழுதுகிறீர்கள் என்றால் 'ஹூவன்' தான் பாதுகாப்பு.

'ஹூவன்' பயன்படுத்த மூன்று விதிகள். பொதுவாக எதிர்மறையோடு மட்டும் வரும், அதாவது 'நீட்', 'ஃகேன்', 'நீட்ஸ்' மாதிரி ஒரு சொல் கூடவே இருக்கும். முக்கிய வினைக்கு முன் 'டெ' வரும். மற்ற ஐந்துக்கும் 'டெ' வரவே வராது. 'மட்டும்' என்ற பொருளில் 'அலேன் மார்' சேர்ந்தால் எதிர்மறை இல்லாமலும் வரலாம்: 'யூ ஹூஃப்ட் அலேன் மார் டெ டேக்கனன்' – நீங்கள் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும்.

கடையிலும் இது தினமும் கைகொடுக்கும். பணம் கட்டும் இடத்தில் 'வில்ட் யூ டெ பொன்?' என்பார்கள், ரசீது வேண்டுமா என்று. (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் இந்த 'டெ' வேறு சொல், வினைக்கு முன் வரும் 'டெ' அல்ல.) 'இக் வில் நீட்' என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். 'ஹூஃப்ட் நீட்' என்று இரண்டே சொல், கூட ஒரு 'டங்க் யூ', அவ்வளவுதான்.

4. '-லாம்' வரும் இடங்களை மூன்றாகப் பிரியுங்கள்

தமிழில் 'வரலாம்', 'போகலாம்' என்ற ஒரே வடிவம் அனுமதிக்கும் வரும், வாய்ப்புக்கும் வரும், சேர்ந்து ஒன்றைச் செய்வோம் என்ற யோசனைக்கும் வரும்.

உள்ளே வரலாமா? – அனுமதி. 'மஃக் இக் பின்னன்கோமன்?'
மழை வரலாம். – வாய்ப்பு. 'ஹெட் கன் ரேஃகெனன்.' இன்னும் சந்தேகமாகச் சொல்ல 'ஹெட் ஸௌ குன்னன் ரேஃகெனன்.'
போகலாமா? – சேர்ந்து கிளம்புவது. 'ஸுல்லன் வெ ஃகான்?'

இதோடு '-ட்டுமா' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் உதவட்டுமா? – 'ஸல் இக் யூ ஹெல்ப்பன்?' தள்ளுவண்டியோடு ரயில் படியில் நிற்கும் தாயைப் பார்த்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் இது. 'மஃக் இக் யூ ஹெல்ப்பன்?' என்றாலும் தவறில்லை. ஆனால் 'ஸல் இக்' என்பதில்தான் கையை நீட்டிக்கொண்டு கேட்கும் பாவம் இருக்கிறது.

'ஸுல்லன்' என்பதை எதிர்காலத்துக்கான வினை என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லா வாக்கியத்திலும் அதைத் திணிப்பார்கள். நாளைக்கு வருகிறேன் என்பதற்கு டச்சுக்காரர்கள் சாதாரணமாக 'இக் கோம் மோர்ஃகன்' என்றுதான் சொல்வார்கள். தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம். 'இக் ஸல் கோமன்' என்றால் நிச்சயம் வருவேன் என்று வாக்குக் கொடுப்பது. வாக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

'மஃக்' என்பதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவரிடம் போனால் வரவேற்பில் 'யூ மஃக் ஏவன் ஃகான் ஸிட்டன்' என்பார்கள். 'யூ மஃக் டிட் ஃபோர்முலீர் இன்வுல்லன்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். உட்கார அனுமதி கொடுத்திருக்கிறார்கள், விருப்பமிருந்தால் படிவத்தை நிரப்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உட்காருங்கள், நிரப்பிக் கொடுங்கள் என்பதைத்தான் தணிந்த குரலில் சொல்கிறார்கள். நம் ஊரில் 'அப்படி உட்காரலாமே' என்பது மாதிரிதான்.

ஆளைப் பற்றிப் பேசும்போது 'இக் மஃக் ஹெம்' என்றால் எனக்கு அவரைப் பிடிக்கும் என்று பொருள். இது கேட்டால் புரிந்தால் போதும்.

5. வாக்கியத்தில் எங்கே வைப்பது

துணைவினை இரண்டாவது இடத்தில் நிற்கும். முக்கிய வினை மாறாத வடிவத்தில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். நடுவில் காலம், இடம், பொருள் எல்லாம் அடங்கும்.

'இக் மூட் மோர்ஃகன் ஓம் டின் யூர் பெய் டெ ஃகெமேன்டெ ஸெய்ன்.' நாளைக்குப் பத்து மணிக்கு நான் நகராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். 'இக்' முதலில், 'மூட்' இரண்டாவது, 'ஸெய்ன்' கடைசி.

'மோர்ஃகன்' என்று காலத்தை முதலில் வைத்தால் 'மூட்' தன் இரண்டாம் இடத்தை விடாது, எழுவாய் பின்னால் போகும்: 'மோர்ஃகன் மூட் இக் வெர்க்கன்'. கேள்வி என்றால் துணைவினை முதலில் வரும்: 'கன் இக் பின்னன்?' என்று கேட்டால் அட்டையில் பணம் கட்ட முடியுமா என்று அர்த்தம். பல கடைகளில் அட்டை மட்டும்தான் என்பதால் இந்தக் கேள்வி தலைகீழாகவும் வரும்: 'கன் இக் கொன்டன்ட் பெட்டாலன்?' – ரொக்கமாகக் கொடுக்கலாமா?

'ஓம்டட்' (ஏனென்றால்), 'டட்' (என்று), 'அல்ஸ்' ('வந்தால்', 'போனால்' என்பதில் வரும் '-ஆல்') மாதிரி இணைப்புச் சொல் வந்தால் இரண்டு வினையும் கடைசியில் போய்ச் சேர்ந்து நிற்கும். 'ஓம்டட் இக் மோர்ஃகன் மூட் வெர்க்கன்' என்றும் சொல்லலாம், 'ஓம்டட் இக் மோர்ஃகன் வெர்க்கன் மூட்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. இரண்டாவதைப் பாருங்கள்: 'வெர்க்கன் மூட்', வேலை செய்ய வேண்டும். தமிழ் வரிசை அப்படியே வந்துவிட்டது. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் திணறும் இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பேச்சில் முதல் வரிசைதான் நிறையக் கேட்கும், ஆனால் திணறும்போது தமிழ் வரிசையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பிரியும் வினைகள், அதாவது முன்பகுதி தனியே பிரிந்து வாக்கியக் கடைசிக்குப் போகும் வினைகள், துணைவினையோடு வந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். 'இக் பெல் யெ ஓப்' – உன்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். 'இக் ஸல் யெ ஓப்பெல்லன்' – கூப்பிடுவேன், உறுதி. ஆனால் 'ஹூவன்' வந்தால் 'டெ' நடுவில் நுழைந்துவிடும்: 'யெ ஹூஃப்ட் மெ நீட் ஓப் டெ பெல்லன்'. எழுத்துத் தேர்வில் நிறையப் பேர் தடுக்குவது இங்கேதான்.

போவது, வருவது, பெறுவது வெளிப்படையாகத் தெரிந்தால் முக்கிய வினையை விட்டுவிடலாம். 'இக் மூட் நார் டெ டன்ட்ஆர்ட்ஸ்' – பல் மருத்துவரிடம் போக வேண்டும். 'மஃக் இக் ஏன் கோஃபி?' – ஒரு காப்பி கிடைக்குமா? பதில்களும் அப்படியே சுருங்கும்: 'டட் கன்' (செய்யலாம், முடியும்), 'டட் மஃக் நீட்' (அதற்கு அனுமதி இல்லை), 'டட் ஹூஃப்ட் நீட்' (தேவையில்லை), 'டட் மூட்' (கட்டாயம்). அலுவலகத்தில் பாதிப் பேச்சு இந்த நான்கில் முடிந்துவிடும்.

6. வீட்டுக்கு வரும் கடிதங்களில் துணைவினையைத் தேடுங்கள்

அரசுக் கடிதம் வந்தால் முழுவதும் புரியாமல் பயந்துபோய் அப்படியே மேசையில் வைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு கடிதத்துக்குக் கெடு இருந்திருக்கும். எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். ஏனென்றால் கடிதம் முழுவதும் புரியாவிட்டாலும் துணைவினை இருக்கும் வாக்கியங்களை மட்டும் கண்டுபிடித்தால் உங்கள் கடமை என்ன, உரிமை என்ன என்று தெரிந்துவிடும்.

பேனாவால் அந்தச் சொற்களை வட்டமிடுங்கள். 'யூ மூட்' என்று இருந்தால் நீங்கள் செய்தே ஆக வேண்டும். பக்கத்தில் தேதி இருக்கும், அதையும் வட்டமிடுங்கள். 'யூ டீன்ட் … டெ' என்பதும் அதே கட்டாயம்தான், பழைய அலுவலக நடை. வகுப்பில் சொல்லித்தராததால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். 'யூ ஹூஃப்ட் நீட்ஸ் டெ டூன்' என்றால் நிம்மதி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வரித்துறையின் நீல உறையைப் பிரித்ததும் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

'யூ குன்ட்' என்பதுதான் மிகவும் வீணாகப் போகும் வரி. 'யூ குன்ட் பின்னன் ஸெஸ் வேக்கன் பெஸ்வார் மாக்கன்' என்றால் இந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் 6 வாரத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று பொருள். அது உங்கள் உரிமை. 'முடியும்' என்று மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, சரி யாரோ முடிகிறவர்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டால் கெடு போய்விடும்.

புதிதாக வந்தவர்கள் 'மூட்' என்ற சொல்லோடு சந்திக்கும் முக்கியமான இரண்டு கெடுக்கள்: நான்கு மாதத்துக்கு மேல் தங்க வந்திருந்தால், வந்த 5 நாட்களுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டை 4 மாதத்துக்குள் எடுக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு பொறி உண்டு. கடைசி நாளில் எடுத்தாலும் தவணைப் பணம் காப்பீட்டுக் கடமை தொடங்கிய நாளிலிருந்து பின்தேதியிட்டு வரும். தள்ளிப்போடுவதால் ஒரு யூரோ கூட மிச்சமாகாது.

7. தொலைபேசியிலும் கவுன்டரிலும்

மரியாதைக்குத் திறவுகோல் 'ஸௌ' என்ற ஒரே சொல். 'இக் வில் ஏன் அஃப்ஸ்ப்ராக்' என்றால் எனக்கு நேரம் ஒதுக்கு என்று அதட்டுகிற மாதிரி. 'இக் வில் ஃக்ராஃக் ஏன் அஃப்ஸ்ப்ராக் மாக்கன்' என்றால் இயல்பு. 'இக் ஸௌ ஃக்ராஃக் ஏன் அஃப்ஸ்ப்ராக் வில்லன் மாக்கன்' என்றால் இன்னும் பணிவு. நடுவில் உள்ளது அன்றாடத்துக்குப் போதும். 'ஃக்ராஃக்' (விருப்பத்தோடு, தயவுசெய்து என்ற தொனி) என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் 'குன்ட் யூ வட் லங்ஸாமர் ப்ராட்டன்?' மறுபடி சொல்லச் சொல்ல 'ஸௌ யூ டட் குன்னன் ஹெர்ஹாலன்?' இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். புரியாதபோது 'யா, யா' என்று தலையாட்டுவதுதான் நம்மவர்கள் செய்வதில் அதிகம் செலவு வைக்கும் பழக்கம். தொலைபேசியில் விற்பனைக்காரர் ஒருவரிடம் 'யா' என்று சொல்லி மின்சார ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு, அப்புறம் அதை ரத்து செய்ய அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குச் சொல்ல: 'மெய்ன் ஸோன் கன் வன்டாஃக் நீட் நார் ஸ்ஃகோல் கோமன், வன்ட் ஹெய் இஸ் ஸீக்.' இந்த ஒரு வாக்கியத்தில் 'கன்' இரண்டாம் இடத்தில், 'கோமன்' கடைசியில். எழுத்துத் தேர்வுப் பயிற்சிகளிலும் இந்த மாதிரிச் சூழல்கள் அடிக்கடி வரும் என்பதால் எழுதிப் பாருங்கள். மகள் என்றால் 'மெய்ன் டோஃக்டர்' என்றும் 'ஸெய்' என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

8. கடந்த காலம்

தொடக்கத்தில் இவ்வளவு போதும்: 'கன்' என்பது 'கொன்', 'மஃக்' என்பது 'மொஃக்ட்', 'மூட்' என்பது 'மூஸ்ட்', 'வில்' என்பது 'வில்டெ' அல்லது 'வௌ', 'ஹூஃப்' என்பது 'ஹூஃப்டெ'. நேற்று வர முடியவில்லை: 'இக் கொன் ஃகிஸ்டெரன் நீட் கோமன்.'

'இக் ஹெப் நீட் குன்னன் கோமன்' என்று இரண்டு வினை வரிசையாக நிற்கும் வடிவத்தையும் கேட்பீர்கள். புரிந்துகொள்ளுங்கள், பேச அவசரப்படாதீர்கள். முயன்று பார்த்து முடியாமல் போனதற்கு மட்டும் 'ஹெட் இஸ் நீட் ஃகெலுக்ட்' என்பது நல்ல தொடர். இணையத்தில் விண்ணப்பம் அனுப்ப முயன்று முடியவில்லை என்றால் உதவி மையத்தில் சொல்ல வேண்டியது இதுதான்.

9. பயிற்சி, தேர்வு, செலவு

நகராட்சி நூலகங்களில் மொழி வீடு என்று பொருள்படும் 'டால்ஹௌஸ்' இருக்கிறதா என்று விசாரியுங்கள். தன்னார்வலர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகலாம், பெரும்பாலும் இலவசம். தனியார் வகுப்புக்குப் பெரிய தொகை கட்டுவதற்கு முன் இங்கே போய்ப் பாருங்கள். இலக்கணத்தை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம், எதிரில் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதற்குத்தான் இது.

குடும்பத்தோடு சேர வந்தவர்களுக்கும் அகதிகளுக்கும் 'இன்புர்ஃகெரிங்' என்ற குடியேற்ற ஒருங்கிணைப்புத் தேர்வு கட்டாயம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி அவர்களுக்குப் பொதுவாக பி1 நிலை (ஐரோப்பிய மொழித் தர அளவில் மூன்றாம் படி; ஏ2 அதற்கு ஒரு படி கீழே) இலக்கு, மூன்று ஆண்டு அவகாசம். உயர்திறன் பணியாளர் விசாவில் வந்தவர்களுக்கும் அவர்கள் துணைக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் 5 ஆண்டுக்குப் பிறகு நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ கேட்கும்போது ஏ2 நிலைத் தேர்ச்சி தேவைப்படும். கடைசி ஆண்டில் அவசரமாகப் படிப்பதை விட இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே ஏ2 எழுதிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஏ2 தேர்வுகளை டூயோ என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. பதிவு செய்ய டிஜிடி (அரசு இணையதளங்களில் நுழைவதற்கான) கணக்கு வேண்டும். அதற்கு முன் நகராட்சியில் பதிவாகி பிஎஸ்என் என்ற குடிமக்கள் சேவை எண் வாங்கியிருக்க வேண்டும். டிஜிடி செயல்பட வைக்கும் குறியீடு தபாலில் வர சில வேலைநாள் ஆகும், ஆகவே தேர்வுத் தேதி பார்க்கும் அன்று அதைத் தொடங்காதீர்கள். கட்டணம்: வாசித்தல், கேட்டல், எழுதுதல் ஒவ்வொன்றும் 50 யூரோ, பேசுதல் 60 யூரோ, டச்சு சமூகம் பற்றிய அறிவுத் தேர்வு 40 யூரோ. ஐந்தும் சேர்ந்தால் 250 யூரோ. கட்டணம் மாறக்கூடியது, பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வ பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி நாளில் எழுதலாம், ஒன்றில் தோற்றால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ஆனால் மறுபடி எழுத மறுபடி கட்டணம்.

முடிவு வர 8 வாரம் வரை ஆகலாம். வசிப்புரிமை விண்ணப்பத்துக்குத் தேதி குறிக்கும்போது இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கு மட்டும் ஒருவருக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும், சான்றிதழ் கையில் இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பயன் இல்லை.

எழுத்துத் தேர்வில் 40 நிமிடத்தில் நான்கு பணிகள். மின்னஞ்சல், படிவம், சின்னக் குறிப்பு மாதிரி இருக்கும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இதை மட்டும் சரிபாருங்கள்: துணைவினை இரண்டாம் இடத்தில் இருக்கிறதா, முக்கிய வினை கடைசியில் மாறாத வடிவத்தில் இருக்கிறதா, 'ஹூவன்' தவிர மற்ற ஐந்து துணைவினைகளோடு வினைக்கு முன் 'டெ' நுழைந்துவிட்டதா, 'ஹெய் வில்' என்பதில் 'ட்' ஒட்டிக்கொண்டதா. மாதிரித் தேர்வுகள் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

தேர்வு நாளில் செல்லுபடியாகும் அடையாள ஆவணத்தின் அசல் கையில் இருக்க வேண்டும். வசிப்புரிமை அட்டையோ பாஸ்போர்ட்டோ கொண்டுபோங்கள். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. அட்டை காலாவதியாகி புதுப்பிப்புக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே டூயோவைக் கூப்பிட்டு எந்த ஆவணம் கொண்டுவரலாம் என்று கேட்டுவிடுங்கள்: 'வெல்க் டோக்குமென்ட் மஃக் இக் மேநேமன்?'